ஓலைப்பெட்டி முடையும் கைகளுக்கு வடலி ஓலை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் கைவினைப் பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கண்காட்சிகள், ஏற்றுமதி, புதிய வடிவமைப்புகள், கடனுதவித் திட்டங்கள் என்று பலவற்றையும் அக்கட்டுரை அக்கறையோடு எடுத்துச் சொல்லியிருந்தது. பனையோலைப் பொருள்களுக்கும் அதில் ஒரு பத்தி இடம் கிடைத்திருந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பொருள்களை முடைகிறவர்கள் பெரும்பாலும் யார், அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது, அவர்கள் கையில் எடுக்கும் ஓலை எங்கிருந்து வருகிறது என்ற செய்திகள் அதில் இல்லை. திருச்செந்தூர் வட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாழும் என் ஆச்சி, சிறுமியாக இருந்த காலம்முதல் ஓலைப்பெட்டி முடைந்து வருபவர். அவரைப் போன்ற மூதாட்டிகளுக்கு இன்று குறைவாக இருப்பது பயிற்சியும் அல்ல, கடனும் அல்ல, ஓலைதான் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே காயாமொழி, உடன்குடி என்று பரந்துகிடக்கும் செம்மணல் மேடுகளைத்தான் நாங்கள் தேரி என்கிறோம். குதிரைமொழித் தேரி அவற்றில் பெரியது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது மணல் எழுந்து வீட்டுத் திண்ணைவரை வந்து படியும். நெல் விளையாத இந்த மண்ணில் பனை தானாக முளைத்துத் தானாக வளர்ந்தது. அதனால் எங்கள் ஊர்களில் ஆண்கள் பனையேறினார்கள். பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தார்கள். அந்தக் கருப்பட்டியைக் கட்டி அனுப்ப வேண்டிய பெட்டியையும் அந்தப் பெண்களே முடைந்தார்கள். என் தாத்தா பனையேறியாக இருந்தவர். இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்புப் பெட்டியும் தொங்க, காலில் தளைநார் மாட்டி ஏறும் அவருடைய வேலையைப் பற்றி ஊர் முழுவதும் பேசும். அவர் இறக்கிய பதநீரை அடுப்பங்கரையில் புகைக்கு நடுவே நின்று கிண்டிய ஆச்சியின் வேலையைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆகவே இங்கே அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஆச்சிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்றும் கருக்கலில் எழுந்துவிடுவார். வாசல் தெளித்துச் சிறு கோலமிட்டு, சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பியை ஒரு டம்ளர் குடித்தபின், முதல்நாள் இரவு நீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கும் ஓலையை எடுத்துக்கொண்டு கிழக்குப் பார்த்த திண்ணையில் அமர்வார். வெயில் ஏறியபின் ஓலையைத் தொட மாட்டார். வெயிலும் காற்றும் பட்டால் ஓலை விறைத்து, மடிக்கும் இடத்தில் முறிந்துவிடும். "பனி இருக்கயிலே வாருன ஓலைதான்ளா சொன்னபடி கேக்கும்" என்று எங்களிடம் சொல்லுவார். காலையில் இரண்டு மூன்று மணி நேரம், பின்பு பொழுது சாய்ந்தபின் விளக்கு வைக்கும்வரை சிறிது நேரம் என்பதுதான் அவருடைய வேலைப்பொழுது. இடைப்பட்ட நேரத்தில் முருங்கைக்கீரை உருவுவது, கோழிக்குத் தவிடு பிசைந்து வைப்பது, பழம்புளியைக் கொட்டை எடுத்து உருட்டி வைப்பது, மதியச் சாப்பாட்டுக்குப்பின் திண்ணையிலேயே சற்றுக் கண்ணயர்வது என்று பொழுது போகும். வானொலிப் பெட்டி ஒன்று அருகிலேயே பாடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி பக்கத்துத் தெருவில் ஒலிப்பதுபோலத் தெளிவாகக் கேட்கும். இப்போது திருநெல்வேலி வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிகள்தான் அவருக்குத் துணை.

பெட்டி முடைவதைப் பார்த்திராதவர்கள் அதை எளிய வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். விரியாத குருத்தை வெட்டிவந்து, அதைப் பிரித்து, பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் மாறிமாறிப் போட்டு உலர்த்தினால் பச்சை நீங்கி வெண்மஞ்சள் நிறம் வரும். பிறகு ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுக்க வேண்டும். ஈர்க்கை எறிவதில்லை, நல்லதைப் பெட்டியின் விளிம்புக்கும் சுளகுக்கும் ஒதுக்கிவிட்டு, மீந்ததை விளக்குமாறாகக் கட்டிவிடுவார். ஈர்க்கு நீங்கிய ஓலையைச் சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார வேண்டும். அளவுகோல் எதுவும் கிடையாது. இடது கைப் பெருவிரல் நகத்தை ஓலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு கத்தியை இழுத்தால், முதல் வாரும் கடைசி வாரும் ஒரே அகலமாக வரும். அந்த நகத்தின் ஓரத்தில் பல்லாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து விழுந்த ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்ப்போம். வார்ந்த ஓலையில் ஒரு பகுதியைச் சாயப்பொடி கலந்த கொதிநீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவார். ரோஜா நிறமும் பச்சையும்தான் அவருக்குப் பிடித்தவை. கல்யாணப் பெட்டிக்கு மட்டும் ஊதாவும் சேர்ப்பார்.

அடி போடுவதில்தான் பெட்டியின் ஆயுள் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக வார்களைப் பரப்பி ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பின்னிச் சதுரமாக அடியைக் கட்டியபின், நான்கு மூலைகளிலும் வார்களை மடக்கி மேலே திருப்ப வேண்டும். மூலை சரியாக மடங்கவில்லையென்றால் பெட்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். நான் மடக்கிய மூலைகளை ஆச்சி பேசாமல் பிரித்துவிட்டு மறுபடியும் என் கையிலேயே கொடுத்ததுண்டு. பக்கங்கள் உயர்ந்தபின் விளிம்பில் ஈர்க்குக் கற்றையை உள்ளே வைத்து, பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் சுற்றிப் பொத்திவிடுவார். மூடியும் இதே முறையில்தான், ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடும்போது இறுகும், அல்லது கழன்று விழும். பெட்டிக்குள் பெட்டியாக ஏழெட்டை அடுக்கி வைக்கும் அடுக்குப்பெட்டியை முடையும்போது இந்த மயிரிழைக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் மாறும். அதை எழுதிவைத்துக்கொள்ள ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. எந்தப் பெட்டிக்கு எத்தனை வார் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும்.

ஓர் ஆண்டு முழுவதும் இந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. மாசி பிறந்தால் பதநீர்க் காலம். கருப்பட்டி வார்க்கும் வீடுகளுக்குப் பெட்டி வேண்டும். சித்திரை, வைகாசியில் நுங்கு வரும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். அவர்களுக்குக் கிலுக்கும் காற்றாடியும் விசிறியும் செய்து கொடுப்பதில் ஆச்சிக்கு இருக்கும் மகிழ்ச்சி வேறு எதிலும் கிடையாது. சின்னக் கிலுக்கினுள் குன்றிமணி இரண்டைப் போட்டு மூடி, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காதருகே ஆட்டுவார். ஆவணியில் பனம்பழம் விழும். அதைச் சுட்டுத் தின்றபின் கொட்டையை மண்ணில் புதைத்துவிட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு ஆயத்தமாகிவிடும். கார்த்திகைத் தீபத்தன்று குருத்தோலைக்குள் அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வைத்துக் கட்டி அவித்த கொழுக்கட்டைக்கு, ஓலையின் மணம்தான் சுவை. அலுமினியத் தாளில் சுற்றி அவித்தால் அந்த மணம் வராது என்பது எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லும் தீர்ப்பு. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும்போது பொங்கல் சாமான்கள் எல்லாம் கடகப்பெட்டியில்தான் ஏறும். சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடை வைத்திருக்கும் எங்கள் மாமாக்கள், ஆண்டில் வேறு எந்த நாளுக்கு வராவிட்டாலும் அந்த நாளுக்கு வந்துவிடுவார்கள். மணலில் சமுக்காளம் விரித்து, சுற்றிலும் பிள்ளைகளோடு அமர்ந்து, பனையோலைப் பட்டையில் பதநீரும் நுங்கும் மாங்காய்த் துண்டும் கலந்து குடிக்கும் அந்தப் பொழுதில் ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தெற்கே போனால் மணப்பாடு. அங்குள்ள கத்தோலிக்கப் பெண்களும் ஓலைப்பொருள் செய்வதில் பேர்பெற்றவர்கள். அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று அந்தக் கடற்கரையில் பிள்ளைகள் கையில் ஓலைச்சிலுவை ஏந்திப் போவதைப் பார்க்க ஆச்சி முன்பெல்லாம் கிளம்பிவிடுவார். அங்கே அவருக்கு ஒரு தோழி இருந்தார். பெட்டியின் மூடியில் பூவேலை செய்யும் முறையை அவரிடமிருந்துதான் ஆச்சி கற்றுக்கொண்டார். இவர் அவருக்கு அடுக்குப்பெட்டியின் அளவைக் கற்றுக்கொடுத்தார். சாதியும் மதமும் வேறாக இருந்த இரண்டு பெண்களுக்கு இடையே ஓர் ஓலைப்பின்னல் ஐம்பது ஆண்டுக்கு மேலான உறவை வளர்த்திருந்தது என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இனி, எனது மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஆச்சியின் கைகள் நடுங்கவில்லை. கண்புரை அறுவைசிகிச்சைக்குப்பின் பார்வையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளாக அவர் திண்ணையில் வெறுங்கையோடு அமர்ந்திருக்கும் காலைகள் கூடிவிட்டன. கேட்டால், "ஓலை இல்லளா" என்பதுதான் பதில். உயர்ந்த பனையிலிருந்து ஓலை வெட்டுவதற்குப் பனையேறி வேண்டும். எங்கள் ஊரில் இப்போது பனையேறுகிறவர்கள் சிலரே. உயிரைப் பணயம் வைக்கும் அந்தத் தொழிலுக்குத் தம் பிள்ளைகள் வர வேண்டாம் என்று அவர்கள் நினைப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் பெட்டி முடைவதற்கு உயர்ந்த பனையைவிட ஏற்றது வடலி என்று நாங்கள் சொல்லும் இளம்பனைதான். தரையில் நின்றபடியே, அல்லது ஒரு தொரட்டிக் கம்பைக் கொண்டு, வடலியின் குருத்தை ஒரு பெண்ணே வெட்டிக்கொள்ளலாம். அதன் ஓலை இளசாகவும் நீளமாகவும் வளைவதற்கு இசைவாகவும் இருக்கும். முன்பு குளத்தங்கரை, ஓடைக்கரை, விளையோரம், சுடுகாட்டுப் பாதை எங்கும் வடலி அடர்ந்திருந்தது. ஒரு வடலியில் ஓர் ஆண்டுக்கு ஒரு குருத்துக்கு மேல் தொடக்கூடாது, அதற்குமேல் எடுத்தால் மரம் வளர்ச்சி குன்றும் என்ற ஒழுங்கை எழுதப்படாத சட்டமாகவே பெண்கள் காத்துவந்தார்கள்.

இன்று அந்த வடலிக்காடுகள்தான் முதலில் அழிகின்றன. மனைப்பிரிவு போடுகிறவர்களும், குளத்தைத் தூர்வாருகிறவர்களும், சாலையை அகலப்படுத்துகிறவர்களும் முதலில் பொக்லைனை ஓட்டுவது வடலியின்மேல்தான். வளர்ந்த பனையை வெட்டினால் கேட்பதற்கு இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கலானபோது, பனைமரத்தை வெட்ட வேண்டிய கட்டாயம் நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும் கூறப்பட்டது. பனை நம் மாநில மரம் என்ற நினைவை அரசே மீட்டெடுத்த அந்த அறிவிப்பை நாங்கள் உள்ளன்போடு வரவேற்றோம். ஆனால் இடுப்பளவு, ஆளுயரம் நிற்கும் வடலியை மரம் என்று எவரும் எண்ணுவதில்லை. புதர் என்று எண்ணி வாரித் தள்ளிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் குளத்தின் மேல்கரையில் இதுதான் நடந்தது. கரையைச் செப்பனிட வந்தவர்கள் ஒரே பகலில் கரை முழுவதையும் வழித்துவிட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஓலை எடுத்துவந்த இடம் அதுதான். கரையைப் பிடித்து நிறுத்தியிருந்ததும் அந்த வடலியின் வேர்தான் என்பதை அடுத்த ஐப்பசி மழை காட்டிவிட்டது.

விதைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிகளும் இளைஞர் அமைப்புகளும் இப்போது ஆர்வத்தோடு பனங்கொட்டைகளை நடுகின்றன. நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் பிள்ளைகளும் நட்டிருக்கிறார்கள். பனை பாளைவிட்டுப் பதநீர் தருவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், இதன் பயன் நம் காலத்தில் கிட்டாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. நட்ட விதை பதநீர் தருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வடலியாக நிற்கும் காலத்திலேயே ஓலை தரும். அந்த ஓலையைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ஆகவே விதை நடும்போதே, அந்த இடத்துக்கு அருகிலுள்ள ஓலை முடையும் பெண்கள் யார், அவர்கள் எந்தக் கரையில் எத்தனை குருத்து எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஊராட்சியும் மகளிர் சுய உதவிக் குழுவும் கூடிப் பேசி முடிவுசெய்துவிட்டால், மரத்தைக் காக்கவும் ஆள் கிடைக்கும். தனக்கு ஓலை தரும் வடலியை எந்தப் பெண்ணும் அழியவிட மாட்டாள்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் கூடை, பாய் முடைவோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், குறைந்த வட்டியில் கடனும் உண்டு. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்திலும் 25 தொழில்களுக்கு மானியத்தோடு கடன் கிடைக்கிறது. இளையவர்கள் பலர் இவற்றால் பயனடைவார்கள், அடையட்டும். ஆனால் என் ஆச்சியின் கருவிகள் ஒரு சிறு கத்தியும் ஒரு குத்தூசியும்தான். கத்தி அவர் மாமியார் கொடுத்தது. கடன் வாங்கி அவர் எதை வாங்குவார்? அவருக்கு வேண்டியதைச் சந்தையில் விற்பவரே இல்லை. அதேபோல அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் அறுபது வயதுக்குள் பதிவுசெய்திருந்தால்தான் ஓய்வூதியத்துக்கு வழி. ஆச்சி வேலை செய்த காலத்தில் பதிவு என்ற ஒன்றை எங்கள் தெருவில் யாரும் வந்து சொன்னதில்லை. அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் செய்ததால் அதைத் தொழில் என்று ஆச்சியே எண்ணவில்லை. கணக்கெடுக்க வந்தவர்களிடம் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். இன்று அவருக்குக் கிடைப்பது முதியோர் உதவித்தொகை மட்டுமே. அதை நன்றியோடு வாங்குகிறார். எனினும் வாழ்நாளெல்லாம் கருப்பட்டித் தொழிலுக்கு முதுகெலும்பாக இருந்த ஒரு பெண்ணைத் தொழிலாளி என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பகுதியே பெருமைப்பட்டது. அந்தக் கருப்பட்டி காலங்காலமாக ஓலைப்பெட்டியில்தான் பயணம் செய்தது. ஓலைப்பெட்டி காற்றோட்டம் உள்ளது. அதில் கருப்பட்டி வியர்க்காமல் இருக்கும். இறுகக் கட்டிய நெகிழிப்பையில் வைத்தால் மழைக்காலத்தில் கசிந்து ஒட்டிக்கொள்ளும். வியாபாரிகளுக்கும் இது தெரியும். நெகிழிப்பை மலிவு என்பதால்தான் மாறினார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. மஞ்சப்பை இயக்கமும் நடக்கிறது. அப்படியிருந்தும் திருச்செந்தூரில் கந்தசஷ்டி, மாசித் திருவிழாக் காலங்களில் சில்லுக்கருப்பட்டியும் பனங்கற்கண்டும் மிட்டாயும் பெரும்பாலும் நெகிழியில்தான் கைமாறுகின்றன. முருகன் சந்நிதியில் திருநீற்றைப் பன்னீர் இலையில் வைத்துத் தரும் மரபுள்ள ஊர் அது. இலையில் வாங்கிய திருநீற்றை அடியார்கள் எவ்வளவு பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்! அதே ஊர்க் கடைவீதியில் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் கொடுத்தால் அவர்கள் மனமுவந்து வாங்குவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குலசேகரன்பட்டினம் தசரா நாட்களில் வேடமணிந்து காணிக்கை பெறும் அன்பர்கள் பலர் ஓலைப்பெட்டி ஏந்தி வந்ததை ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விலையைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். வீடுதேடி வரும் தரகர் ஒரு சிறு பெட்டிக்குத் தரும் தொகை, கடையில் ஒரு தேநீர் குடிக்கும் காசைத் தாண்டுவதில்லை. அதே பெட்டி நகரத்துக் கடைகளில் பலமடங்கு விலைக்கு விற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செட்டிநாட்டுக் கொட்டான் அழியும் நிலையிலிருந்து மீண்டு, புவிசார் குறியீடும் பெற்று, இன்று திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு வழங்கப்படுகிறது. அங்கே நடந்தது இங்கும் நடக்க முடியும். அதற்கு முதலில், நடமாட முடியாத முதியவர்களின் வீட்டுக்கே வந்து பெட்டியை எடுத்துச்சென்று நேர்மையான விலை தரும் ஓர் ஏற்பாடு வேண்டும். சுய உதவிக் குழுக்களின் பொருள்களைச் சந்தைப்படுத்தும் மகளிர் திட்ட அலுவலர்கள் நினைத்தால் இதைச் செய்துவிடலாம்.

பணம் ஒன்றுக்காகவே நான் இதை எழுதுவதாகத் தங்கள் வாசகர்கள் எண்ண வேண்டாம். ஆச்சியை உட்காரவைத்துச் சோறுபோட எங்கள் குடும்பத்துக்கு வசதி இருக்கிறது. மாமாக்கள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள். சென்னைக்கு வந்துவிடும்படி அழைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒருமுறை போனார். அடுக்குமாடி வீட்டில் திண்ணையும் இல்லை, ஓலையும் இல்லை, காலையில் வந்து அருகில் உட்கார்ந்து பேசும் பக்கத்துவீட்டுப் பெண்களும் இல்லை, திரும்பி வந்துவிட்டார். ஓலை இருக்கும் நாட்களில் அந்தத் திண்ணையில் மூன்று நான்கு பேர் கூடிவிடுகிறார்கள். ஒருவர் வாருவார், ஒருவர் அடி போடுவார், கண் மங்கிய ஒருவர் ஈர்க்கை மட்டும் கிழித்துக் கொடுப்பார். ஊர்ச்செய்திகள் எல்லாம் அங்கேதான் அலசப்படும். யார் வீட்டில் வளைகாப்பு, யார் மகனுக்கு வரன் அமைந்தது, எந்தக் கிணற்றில் நீர் உப்பாகிவிட்டது என்று பேச்சு ஓடும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். என் மகள் அங்கேதான் கிலுக்குச் செய்யக் கற்றாள். ஓலை இல்லாத நாட்களில் அந்தத் திண்ணைக்கு யாரும் வருவதில்லை. ஆளுக்கொரு வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள். கால்வலியும் தூக்கமின்மையும் அந்த நாட்களில்தான் ஆச்சிக்குக் கூடுகின்றன. முதியோரின் தனிமையைப் பற்றித் தங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதுகிறது. அதற்கும் ஒரு குளத்தங்கரையின் வடலிக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

ஆகவே தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம், குளத்தங்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் நிற்கும் வடலிகளையும் பனைமரம் என்றே கருதி, தூர்வாரும் பணிகளுக்கான உத்தரவுகளிலேயே அவற்றை விட்டுவைக்கும்படி எழுத வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கைத்தொழில் வகுப்பு இருக்கிறது. வண்ணக் காகிதத்தில் செய்வதை ஓலையில் செய்யக் கற்றுக்கொடுக்க ஊரிலுள்ள மூதாட்டிகளையே மதிப்பூதியத்தோடு அழைக்கக் கல்வித்துறை வழிசெய்யுமானால், ஆச்சி மறுக்க மாட்டார் என்று என்னால் சொல்ல முடியும். மூலை கோணினால் பிரித்துவிடுவார் என்பதற்கு மட்டும் பிள்ளைகள் ஆயத்தமாக வர வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கைவினைப் பொருள்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, தங்கள் செய்தியாளர் ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள். மாசி அல்லது பங்குனியில் வந்தால் பதநீர் காய்ச்சுவதையும் கருப்பட்டி வார்ப்பதையும் சேர்த்தே பார்க்கலாம். முதல்நாள் மாலையே வந்து தங்கிவிடுவது நல்லது; காலை எட்டு மணிக்குமேல் வந்தால் ஓலை காய்ந்துவிடும், ஆச்சி கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.